வெந்நீரிலும் கலக்கலாம்

உடுப்பைத் தைத்தது மேல்குன்னூர் ஹபீப்.
தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித்தாள்,
கிழியாதிருக்க உள்ளே உரச்சாக்கு,
இடுப்பில் சைக்கிள் ட்யூப் இரண்டு.
ஒன்று மூச்சுக்காம். மற்றது எதற்கென்று
ஞானையா முதலாளியும் சொல்லவில்லை.
தலைக்கு, பேக்கரியில் வர்க்கி போட்டுவைக்கும் ஜாடி.
அடியை அறுத்துக் கவிழ்த்தார்கள்.
மூடி கிடையாது,
நான் உயிரோடு இருக்க வேண்டுமே.

பொடியின் பெயர் நிலாரஞ்சு.
நிலாவும் ஆரஞ்சும் சேர்ந்தால்
நிலாவாரஞ்சு என்றல்லவா வரும் என்று
புலவர் பரீட்சைக்குப் படித்த கணக்குப்பிள்ளை
வேலுமயில் சொல்லிப் பார்த்தார்.
“ராக்கெட்டில் உடம்படுமெய்க்கு இடமில்லை”
என்றுவிட்டார் முதலாளி.
டின்மேல் அந்த ராக்கெட்.
அதன் வால்நெருப்புக்கும் பழத்துக்கும் ஒரே நிறம்.
சிவகாசியில் ஒரு வர்ணத்தின் காசு மிச்சம்.

ஆடி மாதம், திங்கட்கிழமை.
மனுஷன் நிலாவில் கால் வைத்துவிட்டான் என்றது
டீக்கடை ரேடியோ.
குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நான் கால் வைத்தேன்.

மூடுபனி.
மேட்டுப்பாளையம் பஸ்ஸே வெறும் ஹாரனாகத்தான் வந்தது.
சாரல் ஜாடிக்குள் இறங்கிக் கழுத்தில் தேங்கியது.
“நிலாவில் குடிப்பதை நீங்களும் குடியுங்கள்!”
நான் கத்தியது எனக்கு மட்டும் கேட்டது.
ஸ்வெட்டருக்குள் கையை மடக்கியிருந்த ஜனம்
பச்சைத்தண்ணீரில் கலக்கிய தம்ளரைப் பார்த்ததுமே
பல் கிட்டிப்போய் விலகியது.
மதியத்துக்குள் முதலாளி
ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்தார்:
வெந்நீரிலும் கலக்கலாம்.
ஈர டின்னில் மை நிற்கவில்லை.

ஜெகதளாவிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்த மாதி
நெற்றித்துணியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:
“நிலாவுல தண்ணி இருக்கா?”
“இல்லீங்க.”
“அப்ப எதுல கலக்கினான்?”

எனக்கு எழுதிக் கொடுத்த தாளில்
பதினொரு கேள்விக்குப் பதில் இருந்தது.
இது பன்னிரண்டாவது.

டின் விலை இரண்டு ரூபாய் நாற்பது பைசா.
என் நாள்கூலி இரண்டேகால்.
என் கைக்கு எட்டாத உயரத்தில்தான்
நானே பறந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் எல்லாரும் பறந்தார்கள்.
தீபாவளிக்குள் மார்க்கெட்டில்
அப்பளக் கட்டின்மேல் முழுநிலா, அதில் ஒரு கொடி.
சேமியா பாக்கெட்டில் வால்நட்சத்திரம்.
வாலைக் கிட்டத்தில் பார்த்தால் சேமியாதான்.
நல்லெண்ணெய் டப்பாவில்
கண்ணாடித் தலையோடு சிரிக்கிற குழந்தை.
பெருங்காயம்கூட ‘வான்வெளித் தரம்’.
ரேஷன் அரிசி மட்டும் எந்தக் கோளுக்கும் போகாமல்
சாக்கிலேயே கிடந்தது, கல்லோடு.
ஒரு கல்லைப் பொறுக்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் வேலுமயில்.
“அங்கேருந்து எடுத்துட்டு வந்தது இதுதான் போல.”

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டேன்.

கிடங்கைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
என் சட்டை உள்ளே.
வெள்ளித்தாள் சரசரக்க
எஸ்டேட் குறுக்குப்பாதையில் ஏறினேன்.
மூன்றாவது வளைவில் காட்டெருமை.
அதன் மூச்சு புகையாய் வந்தது.
என் மூச்சு ஜாடியிலேயே படிந்து
எருமையை அழித்து அழித்துக் காட்டியது.
அது அசையவில்லை. காதுகூட.
இந்தப் பூமியைச் சேர்ந்தவனில்லை நான் என்று
அன்றைக்கு நம்பிய ஒரே ஜீவன்.

கையிலிருந்த மாதிரி டின்னைத் தரையில் வைத்தேன்.
பின்பக்கமாக நடந்தேன்,
ஒவ்வொரு காலையும் மெல்ல எடுத்து, மிதக்கவிட்டு, இறக்கி.
ஒரு வாரம் முதலாளி கற்றுக்கொடுத்தும்
வராத நடை.

விடிந்து போய்ப் பார்த்தபோது டின் நசுங்கியிருந்தது.
நிலாரஞ்சு முழுவதும் கரைந்து
இரண்டு தேயிலைத் தூருக்கு நடுவே
ஆரஞ்சாய் இறங்கிக்கொண்டிருந்தது.
கலக்க, இங்கே தண்ணீர் இருந்தது.